கருவி உதவி பெறும் தச்சர்கள் கவனத்திற்கு



தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம். அந்த வழியில் திருமழிசையில் தச்சுக் கருவி பெறும் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கரண்ட் இல்லாத இடத்தில் கையால் சுற்றும் பிரேஸ்தான் கைகொடுக்கும். அதன் சக்கில் உள்ள இரண்டு தாடைகள், அடிப்பாகம் சதுரமாகக் குறுகும் பழைய பிட்டுக்காகச் செய்தவை. இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பவையோ 6.35 மி.மீ., அதாவது கால் அங்குல, ஆறுபட்டைத் தண்டு பிட்டுகள். அவற்றைத் தாடையில் நேராக நிறுத்துவது சிரமம்.

இதற்குச் சதுர அடியுள்ள விரைவு சக் ஒன்றைப் பிரேஸில் பொருத்திவிட்டால் போதும். வளையத்தை இழுத்துப் பிட்டைச் செருகி விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சிறு குண்டு, தண்டின் பள்ளத்தில் விழுந்து பிட்டைப் பிடித்துக்கொள்ளும். கீல் பொருத்தும்போது துளையிட, திருகின் தலைக்குக் குழிக்க, திருகை முடுக்க என ஒவ்வொரு தடவையும் பிட் மாற்ற வேண்டுமே. அங்கேதான் நேரம் மிச்சம்.

வாங்கும்போது தண்டில் சுற்றுப் பள்ளம் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத பிட், வெளியே இழுக்கும்போது துளையிலேயே தங்கிவிடும். இந்தச் சக்கில் பிட் சற்று ஆடவும் செய்யும். அளவு பிசகக்கூடாத துளைக்குப் பழைய பிட்டைத் தாடையிலேயே பிடியுங்கள்.

கருவி பெற்றவர் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்தால் நன்மை தொடரும், இன்ஷா அல்லாஹ்.