பல்லிடம் ஒரு கேள்வி

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. என் தாயாருக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் இரண்டு பற்கள் இல்லை. அவற்றுள் ஒன்று நோயினாற் போயிற்று. மற்றது தவறினாற் போயிற்று. நோயினாற் போனதைப் பற்றி அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. தவறினாற் போனதை மட்டும் இன்றளவும் மறக்கவில்லை.

1981ஆம் ஆண்டு. மொனராகலையை அடுத்த ஓர் இறப்பர்த் தோட்டத்தில் என் தாயார் பால் வெட்டும் தொழிலாளியாக இருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. மூன்று இரவுகளாக அவருக்கு உறக்கமில்லை. கராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துக் கடித்தார், உப்புநீரைக் கொப்புளித்தார், லயத்து வாசலில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் வேலைக்குப் போகாமல், பேரை இழந்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்றிரவும் அதே வலி. மறுவாரம் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். வலி நின்றது.

முதலிற் பிடுங்கிய பல்லை அவர் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்திருந்தார். குப்பி விளக்கின் ஒளியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சொத்தை இல்லை, வெடிப்பு இல்லை. “இந்தப் பல்லு என்னா குத்தம் செஞ்சுச்சு, தம்பி?” என்று அம்மா கேட்டார். பத்து வயதுப் பையனுக்கு என்ன விடை தெரியும்?

பிடுங்கியவரைப் பழிக்க நான் இதனை எழுதவில்லை. அம்மா காட்டிய பல்லைத்தான் அவர் பிடுங்கினார். பல்லுக்குள்ளே எழும் வலி, தன் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டாத வலி. கீழ்ப்பல் நோவை மேற்பல் நோவு என்று எண்ணி மயங்குவோரும் உண்டு. நோயாளியின் விரல் பொய் சொல்லுவதில்லை. ஆனால் அதற்கு உண்மை தெரியாது.

பல்லின் அமைப்பே இதற்குக் காரணம். வெளியே எனாமல் என்னும் மிளிரி. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே ஒரு சிறு அறை. நரம்பும் குருதிக் குழாயும் கலந்த மென்மையான திசு அவ்வறையில் வாழ்கிறது. பற்கூழ் என்று அதனைச் சொல்வர். பல்லுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கற்சுவர், வேர் நுனியில் ஊசிமுனை போன்ற ஒரு வாயில். உள்ளிருப்பது உயிரோடிருக்கிறதா, மாண்டுவிட்டதா என்பதை வெளியில் நின்று எவ்வாறு அறிவது? எக்ஸ் கதிர்ப் படம் சுவர்களைக் காட்டும். அறைக்குள் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா என்பதைக் காட்டாது. ஆகவே கதவைத் தட்டிக் கேட்பதே வழியாயிற்று.

தட்டும் கோலாக மின்சாரம் வந்தது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததை இத்தாலியரான கல்வானி 1791இல் உலகுக்கு எழுதினார். அதன் பின்னர் நரம்பையும் மின்சாரத்தையும் சேர்த்து நினைக்காத வைத்தியர் இல்லை. 1867இல் பிரெஞ்சு வைத்தியர் மாகித்தோ, பல் நோயைக் கண்டறிய மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். இன்று அந்த எண்ணம் கையடக்கமான ஒரு கருவியாகி, பேனாவைப் போல் வைத்தியரின் விரல்களுக்கிடையே இருக்கிறது.

அதனை நான் முதன்முதலிற் கண்டது 2018இல். என் தங்கையின் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், பாடசாலைப் படிக்கட்டில் விழுந்து மேல்வரிசை முன்பல்லை அடிபடுத்திக்கொண்டான். பல் உடையவில்லை, ஆடவுமில்லை. ஒரு வாரத்தில் மட்டும் இலேசாகச் சாம்பல் நிறம் பூசியது. “பல்லு செத்துப் போச்சு, புடுங்கிப் போட்டுட்டுக் கட்டுப் பல்லு வச்சிரலாம்” என்று லயத்திற் பலரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நானும் அந்தத் தீர்ப்பைப் பாதி நம்பியவனாகவே, பையனையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

பதுளையில் எங்களைப் பார்த்தவர் பேராதனையிற் பயின்ற ஓர் இளம் பெண் வைத்தியர். அவர் பல்லைப் பஞ்சினால் நன்கு துடைத்து உலர்த்தினார். ஈரம் இருந்தால் மின்சாரம் பல்லுக்குள் நுழையாமல் ஈறின் வழியே ஓடிவிடும். கருவியின் நுனியில் சிறிது பற்பசையைத் தொட்டார். மின்சாரம் பல்லுக்குட் செல்ல அது பாலமாகிறது. “தம்பி, இந்தக் கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கூச்சமோ சுருக்கென்றோ தெரிந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள்” என்றார். பையன் தொட்டிருக்கும்வரை மின்வட்டம் முழுமையாக இருக்கும். கையை எடுத்ததும் அறுந்துவிடும். பிள்ளையின் அச்சத்துக்கு மருந்து பிள்ளையின் கையிலேயே இருந்தது.

முதலில் அடிபட்ட பல்லை அவர் தொடவில்லை. அடிபடாத பற்களைத்தான் கேட்டார். கருவியிலுள்ள எண் மெல்ல மெல்ல ஏறியது. ஒவ்வொரு பல்லிலும் ஓரிடத்திற் பையன் கையை எடுத்தான். பிறகு அடிபட்ட பல். எண் ஏறியது, ஏறியது, உச்சியைத் தொட்டது. பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். என் மனம் துணுக்குற்றது.

“செத்துவிட்டதா, டொக்டர்?” என்றேன்.

“பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனாற் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது” என்றார் அவர்.

அவர் விளக்கியதன் சாரம் இது. இக்கருவி கேட்பது நரம்பை. பல்லுக்கு உயிர் கொடுப்பதோ குருதி. பலமாக அடிபட்ட பல்லில் குருதி ஓடிக்கொண்டிருந்தும் நரம்பு மட்டும் சில வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில், மயங்கிக் கிடக்கும். வேர் முற்றாத சிறுவர் பல்லும், வயதினால் உள்ளறை சுருங்கிய முதியோர் பல்லும் உயிரிருந்தும் மறுமொழி தராமலிருக்கலாம். மறுபுறம், உள்ளே அழுகி நீராகிவிட்ட கூழினூடே மின்சாரம் பாய்ந்து, செத்த பல்லே ‘ஆம்’ என்பது போலத் தோன்றுவதுமுண்டு. உலோகம் அடைத்த பல்லில் மின்சாரம் பக்கத்துப் பல்லுக்குத் தாவிவிடலாம். எண் பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு பல்லின் நலத்தை அளக்கவும் இயலாது. ஆகவே ஒரு கருவியின் ஒரு விடையைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது. குளிர் பட்டால் கூசுகிறதா, தட்டினால் நோகிறதா, படம் என்ன காட்டுகிறது, மற்றப் பற்கள் என்ன சொல்லுகின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குருதியோட்டத்தையே லேசர் ஒளியால் அறியும் முறைகள் 1980களில் வந்துவிட்டன. ஆயினும் எல்லா ஊர்களுக்கும் அவை எட்டவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நம்ம மரம் மாதிரிதான்” என்றார். எனக்கு விளங்கவில்லை, அம்மா விளக்கினார். இறப்பர் மரங்களிற் சில, வெட்டுப்பட்டை வறண்டு, கத்தி போட்டாலும் பால் தராமல் நின்றுவிடும். பால் இல்லாத மரம் பட்ட மரமன்று. அது தளிர்க்கும், இலை உதிர்க்கும், மறுபடியும் தளிர்க்கும். இருபத்தைந்து ஆண்டுகள் மரத்தோடு பேசியவருக்குக் கருவியின் நுட்பம் ஒரு நொடியிற் புரிந்துவிட்டது.

வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் ஒருமுறையும் மூன்று மாதத்தில் ஒருமுறையும் வரச் சொன்னார். வீக்கமோ சீழோ இரவு வலியோ கண்டால் நாள் பார்க்காமல் உடனே வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். நம் தோட்டத் தொழிலாளரின் வாய் உலகப் பல்வைத்திய நூல்களில் இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1970இல் நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்து, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அத்தொழிலாளருக்குச் சொத்தை மிகக் குறைவு; ஈறு நோயோ பரவலாக இருந்தது. 1986இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் பிடிமானம் விரைவாகவும், 81 வீதத்தினருக்கு மிதமான வேகத்திலும் அழிந்தது. 11 வீதத்தினருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவேயில்லை.

இதற்கும் மின்கருவிக்கும் என்ன தொடர்பு? பல்லருகே சீழ்க் கட்டி ஒன்று எழுகிறது என்று கொள்வோம். அது ஈறிலிருந்து வந்திருக்கலாம். செத்த பற்கூழிலிருந்தும் வந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கூழ் உயிரோடிருந்தால் குற்றம் பெரும்பாலும் ஈறினுடையது. ஈறைச் சுத்தம் செய்து பல்லைக் காக்க முயலலாம். கூழ் மாண்டிருந்தால் வேர்க்குழியைத் துப்புரவாக்கி அடைக்க வேண்டும். கேள்வி கேளாதவருக்கு இரண்டிற்கும் ஒரே மருந்துதான்: குறடு.

கேள்வி கேட்பதற்கோ நாட்கள் வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வைத்தியரிடம் போவதென்றால் ஒரு பேர் போயிற்று. பஸ் கூலி வேறு. இரண்டாம் முறை வர இயலாது என்று அறிந்த தொழிலாளி, “இன்னைக்கே புடுங்கிருங்கய்யா” என்று தானே கேட்கிறான். அவனுடைய பல்லைப் பறிப்பது நோய் மட்டுமன்று. பொறுத்துப் பார்க்க இடங்கொடாத நாட்கூலியும் சேர்ந்தே பறிக்கிறது. கருவிகள் நகரத்தில் இருக்கும்வரை, பிள்ளைகளின் பற்களையேனும் நாம் அவசரத்துக்குப் பலியிடாமற் காத்திருக்கப் பழக வேண்டும்.

ஒரு மாதத்திற் பல் பேசவில்லை. மூன்றாம் மாதம் போனோம். துடைத்தார், பசை தொட்டார், எண் ஏறத் தொடங்கியது. மற்றப் பற்கள் பேசிய எண்ணைத் தாண்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆ!” என்று பையன் கையை உதறி எடுத்தான். வைத்தியர் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஒருமுறை சோதித்தார். மறுபடியும் அதே இடத்திற் கையை எடுத்தான். குளிருக்கும் பல் கூசிற்று. சாம்பல் நிறமும் முன்னைவிட வெளுத்திருந்தது.

திரும்பும் வழியிற் பையன் ஜன்னலோரம் அமர்ந்து சோளப்பொரி தின்றுகொண்டு வந்தான். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பசறையைத் தாண்டியதும் தம் இடக் கன்னத்தைத் தொட்டபடி, “என்னோட பல்லையும் யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.