விரலே சாவி... இதயத் துடிப்பே சாவி!

போன மாதம் கும்பகோணத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாதத்துக்குப் பருப்புப் பொடி போட்டுக்கொள்ளலாம் என்று டப்பாவைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பால் கணக்கோ என்று பார்த்தேன். இல்லை, பாங்கு பாஸ்வேர்ட்!

"ஏண்டி, மறந்து மறந்து போறதே, என்ன பண்றது? பொடி டப்பாவை எந்தத் திருடன் வந்து திறக்கப் போறான்?" என்றாள் சித்தி. வயது எழுபத்து நாலு.

சிரித்துவிட்டேன். ஆனால் சித்தி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கேயோ வெளியூரில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் திருடுகிறவனுக்குக் கும்பகோணத்துச் சமையலறை எட்டாது. ஆறு மாதத்துக்கு முன்னால் சித்தியின் பணம் போனது டப்பா வழியாக அல்ல, டெலிபோன் வழியாக. பாங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் மரியாதையாகப் பேசினான். "உங்க அக்கவுண்ட் இன்னிக்கு சாயங்காலத்தோட முடங்கிடும்மா, போனில் வந்திருக்கிற ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்றான். சித்தி சொல்லிவிட்டாள். 18,000 ரூபாய் போயிற்று!

அதைவிடக் கஷ்டம் என்னவென்றால், சித்தி மூன்று நாள் யாரிடமும் வாயே திறக்கவில்லை. "படிச்ச பொம்மனாட்டி இப்படி ஏமாந்துட்டேனேன்னு வெட்கமா இருந்ததுடி" என்றாள். அந்த மூன்று நாள்தான் திருடனுக்கு லாபம். இப்படி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் சொன்னால், வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம், சகோதரிகளே!

இந்தச் சமயம் பார்த்து என் அண்ணா பையனும் அங்கே வந்து சேர்ந்தான். இரண்டு சிநேகிதர்களோடு புதிதாகக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறான். வீட்டிலிருந்தே வடாம், பொடி, முறுக்கு செய்து விற்கும் பெண்கள் போனிலேயே ஆர்டர் எடுத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு. நல்ல யோசனைதான். "சித்திப் பாட்டி, நீங்கதான் முதல்ல போணி பண்ணணும்" என்று போனைக் கையில் கொடுத்தான்.

பெயர் கேட்டது. சரி. ஈமெயில் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. பாஸ்வேர்ட் கேட்டது, அதில் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரக் குறி ஒன்று வேண்டுமாம். பிறகு ஆறு நம்பர். அதைப் பார்த்ததுமே சித்தியின் முகம் மாறிவிட்டது. அதற்கும் பிறகு, சிக்னல் விளக்கு இருக்கும் படங்களையெல்லாம் தொடு என்றது.

"வடாம் விக்கறதுக்கு சிக்னல் விளக்கு எதுக்குடா? இதுக்கு நான் வாசல்ல நின்னு கூவியே வித்துடுவேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பையன் அசரவில்லை. "இதெல்லாம் கொஞ்ச நாள்தான் அத்தை. அப்புறம் பாஸ்வேர்டே கிடையாது. பாட்டியோட இதயத் துடிப்பே சாவி, நடையே சாவி, மூளையே சாவி. எங்க கம்பெனியிலே அதைத்தான் கொண்டு வரப்போறோம்" என்றான். அளக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தால், அத்தனையும் மெய்!

2013-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில், மோட்டோரோலா கம்பெனியில் அப்போது அதிகாரியாக இருந்த ரெஜினா டூகன் என்ற அம்மாள் ஒரு மாத்திரையைக் காட்டினார். வயிற்றிலுள்ள அமிலமே அதற்கு பாட்டரி! விழுங்கினால் உள்ளேயிருந்து ஒரு சங்கேதம் வரும். உடம்பு முழுவதுமே சாவியாகிவிடும். கையில் ஒட்டிக்கொள்ளும் பச்சை குத்தினாற்போன்ற மின்பட்டை ஒன்றையும் அதே கூட்டத்தில் காட்டினார். காலையில் பி.பி. மாத்திரை, தைராய்டு மாத்திரை, அதோடு ஒரு பாஸ்வேர்ட் மாத்திரை! அதையும் மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மாத்திரைக்குள் இருந்த கருவியைச் செய்த கம்பெனி 2020-ல் திவாலாகிவிட்டது.

அதே 2013-ல் கனடாவில், இதயத் துடிப்பின் வடிவத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் கைப்பட்டை ஒன்றை அறிவித்தார்கள். இ.சி.ஜி. எடுக்கும்போது காகிதத்தில் வருமே ஏறி இறங்கும் கோடு, அது ஆளுக்கு ஆள் வேறாம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏறக்குறைய நூறு டாலர் விலையுள்ள ஒரு கருவியைத் தலையில் மாட்டிவிட்டு, மனதுக்குள் பாடச் சொன்னார்கள். விரலை ஆட்டுவதாக நினைக்கச் சொன்னார்கள். ரகசியமாக எதையாவது எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில், எல்லோரும் ஒரே மாதிரி மூச்சில் மனதைச் செலுத்தினாலும்கூட யார் எவர் என்று மூளை அலையை வைத்துச் சொல்ல முடிந்ததாம்.

ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் கண்ணாடி, சாவிக்கொத்து, குடை எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பும் வீட்டில் தலைக்கருவியையும் யார் தேடுவது?

இந்தப் பாஸ்வேர்ட் தொல்லையைத் துவக்கி வைத்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனத்தில் 1960-களின் ஆரம்பத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு உபயோகித்தார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்காமலிருக்க, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். 1962-லேயே அது உடைந்தது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கம்ப்யூட்டர். அது போதவில்லை. என்ன செய்தார்? எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த பட்டியலை அச்சடித்துத் தரச் சொல்லி அந்தக் கம்ப்யூட்டருக்கே உத்தரவு கொடுத்தார். அதுவும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

பெரிய எழுத்து, எண், நட்சத்திரக் குறி என்ற படுத்தலுக்கும் ஒரு கதை உண்டு. 2003-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்ற அதிகாரி எழுதிய விதிமுறை அது. அடிக்கடி மாற்று என்றதும் அவர்தான். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2017-ல் அவரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அந்த நிறுவனமும் அதே வருஷம், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருந்தால் போதும் என்று விதியைத் திருத்தியது. ஆனாலும் நம் ஊர் ஆபீஸ்களில் இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள்.

சரி, விரல் ரேகை? போனைத் திறக்கச் சௌகரியம்தான். ஆனால் பாஸ்வேர்ட் போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். விரல் போனால்? 2014-ல் ஜெர்மனியில் ஒருவர், ராணுவ மந்திரியாக இருந்த அம்மாளின் போட்டோக்களிலிருந்தே கட்டை விரல் ரேகையை எடுத்துக் காட்டினார். நமக்கு அது பெரிய கவலை இல்லை. நம் கவலை வேறு. வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்து, புளி கரைத்து, மாவு பிசைந்து தேய்ந்த விரலை எந்த இயந்திரம் அடையாளம் கண்டுகொள்ளும்? ரேஷன் கடையில் சித்தி பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, பின்னால் நிற்கிறவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றுக்கு 2021-லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஒரு வழி வந்திருக்கிறது. விரல் தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 'பாஸ்கீ' என்கிறார்கள். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-ல் சேர்ந்து இதை ஆதரிப்பதாக அறிவித்தன. உங்கள் போன் ஜோடியாக இரண்டு சாவி செய்துகொள்ளும். ஒன்று ரகசியமாக உங்களிடமே இருக்கும். மற்றது கடைக்கோ பாங்குக்கோ போகும். அதை வைத்துச் சரிபார்க்க முடியுமே தவிரத் திறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து புதுசாக ஒரு புதிர் வரும், போனிலுள்ள சாவி அதற்குப் பதில் சொல்லும். நீங்கள் செய்வதெல்லாம், வழக்கம்போல் விரலாலோ முகத்தாலோ போனைத் திறப்பதுதான்.

இதில் சித்திக்கு என்ன லாபம்? எவன் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் போனில் படித்துச் சொல்ல ஒன்றுமே கிடையாது! போலிக் கடை விரித்தாலும், பெயர் வேறாக இருப்பதால் சாவி அங்கே வேலை செய்யாது. போனைத் தொலைத்தால் என்ன வழி என்பதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் இது இன்னும் வரவில்லை.

அண்ணா பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். உடனே "அதையும் சேர்த்துடறேன் அத்தை" என்று கிளம்பினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், புதுக் குடித்தனம் வைக்கிறவா முதல் நாளே பத்து அண்டா வாங்குவாளா? ஒரு அடுப்பு, ரெண்டு பாத்திரம், ஒரு குடம். அப்புறம் தேவையைப் பார்த்து வாங்கிக்க வேண்டியதுதான்."

நானாகச் சொல்லவில்லை, பெரிய கம்பெனிகளின் கதையே அதுதான். இன்ஸ்டாகிராம் முதலில் 'பர்பன்' என்ற பெயரில் இருந்தது. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று ஏகப்பட்ட சமாசாரம். யாரும் சீண்டவில்லை. கெவின் சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு, படம் போடுவது, அபிப்பிராயம் சொல்வது, பிடித்திருந்தால் தொடுவது என்று மட்டும் வைத்தார்கள். 2010 அக்டோபரில் வெளியிட்ட முதல் நாளே 25,000 பேர் சேர்ந்தார்கள். 2009-ல் பிறந்த வாட்ஸ்அப் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் போன் நம்பரையே அடையாளமாக வைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொன்னேன். கேட்டு வாங்கி வைத்தால் காபந்து பண்ண வேண்டும். ராக்யூ என்று ஒரு விளையாட்டுக் கம்பெனி, வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளை அப்படியே படிக்கிற மாதிரி எழுதி வைத்திருந்தது. 2009-ல் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போயின. அதில் ஏறக்குறைய 2,90,000 பேருடைய பாஸ்வேர்ட் 123456! சித்தியின் டப்பா எவ்வளவோ தேவலை.

பையன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சித்தியிடமே போய், "பாட்டி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

"நாளைக்கு யாருக்கு எத்தனை வேணும்னு தெரிஞ்சா போறும். பணத்தை இதுல கொண்டு வராதே, நான் கையிலே வாங்கிக்கறேன். ஆர்டர் வந்தா மணி அடிக்கணும்."

பிறந்த தேதி போயிற்று. ஈமெயில் போயிற்று. சிக்னல் விளக்கு போயிற்று. பணமே இல்லாததால் திருடுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. போன் நம்பர், ஒரே ஒரு பட்டியல், ஒரு மணி. ஒரு தடவை அவனே உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தான். அப்புறம் போனைத் திறந்தால் போதும், பட்டியல் நிற்கிறது. முதல் வாரம் தெருவில் பதினோரு வீடுகள். இதயத் துடிப்பு ஆசையை அவன் இன்னும் விடவில்லை. விடவும் வேண்டாம், சின்ன வயசு.

போன ஞாயிறு மறுபடி போனபோது பொடி டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடியில் பெரிய எழுத்தில் 1930 என்று ஒட்டியிருந்தது. பாஸ்வேர்ட் காகிதம் வேறு டப்பாவுக்கு மாறிவிட்டது. எந்த டப்பா என்று எழுத மாட்டேன்.