வட்டமா அறுக்க வட்ட பிளேடு ஆகாது! டீப்பாய் செய்ய கிரைண்டரைத் தூக்கும் முன் இதைப் படிங்க

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் பக்கம் புது அபார்ட்மென்ட்டில் குடியேறினால் முதல் வாரமே காதில் விழுவது கட்டிங் மெஷின் சத்தம்தான். கப்போர்டு, டிவி யூனிட் எல்லாம் நேர்க்கோடு, பிரச்னை இல்லை. 'டீப்பாய் மட்டும் ரவுண்டா வேணும்', 'கண்ணாடி ஃபிரேம் ஓவலா இருக்கட்டும்' என்று ஆசைப்படும்போதுதான் சிக்கல். ஆன்லைனில் மரம் அறுக்கும் பிளேடு வாங்கி, டைல்ஸ் வெட்டும் கிரைண்டரில் மாட்டி, நாமே அறுத்துவிடலாம் என்று இறங்குபவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

ரம்பம் ஏன் வளையாது?

ரம்பத்தின் பற்களைப் பாருங்கள். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் அறுபடும் பள்ளம், தகட்டின் தடிமனைவிட கொஞ்சம் அகலமாக விழும். அந்தச் சின்ன இடைவெளிதான் திரும்புவதற்குக் கிடைக்கும் மொத்த இடம். தகடு அகலமாக இருந்தால் அதன் முதுகு பள்ளத்தின் சுவரில் இடிக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் யூ-டர்ன் எடுப்பதற்கும் ஷேர் ஆட்டோ எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மரக்கடை பேண்ட்சாவில் 12 மி.மீ. அகல பிளேடு சுமார் 6 செ.மீ. ஆரம் வரை திரும்பும். 6 மி.மீ. பிளேடு என்றால் ஒன்றரை செ.மீ. சொச்சம் ஆரத்துக்கே வளைந்து கொடுக்கும்.

இப்போது கிரைண்டருக்கு வருவோம். அதில் சுற்றுவது 4 அங்குல அகலத் தகடு. நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று. மரத்துக்குள் இறங்கிய அந்தத் தகட்டை வளைக்கப் பார்த்தால் பல் மரத்தில் மாட்டிக்கொள்ளும். தகடு நின்றுவிடும், மெஷின் நிற்காது. கையை உதறிக்கொண்டு ஆளை நோக்கித் துள்ளும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். மறைக்கிறது என்று கார்டைக் கழற்றி வைத்திருந்தால் விரலுக்கும் பிளேடுக்கும் நடுவே எதுவுமே இல்லை. கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடே வேண்டாம் என்பது என் கட்சி. நேராக அறுக்கவும்தான்.

வெட்டுப்பட்டால்?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து கையை உயர்த்திவையுங்கள். 108-ஐ அழையுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி மூடி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். பதற்றத்தில் பலர் நேராக ஐஸில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். சரியாகக் குளிர்வித்தால் 12 மணி நேரம் தாண்டியும் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் கிடையாது. கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்றது சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த துறை அது. பீர்க்கன்கரணையில் இருந்து 30 கி.மீ.க்கு மேல்.

சரி, எதை வைத்து அறுப்பது?

ஜிக்சா. பிளேடு விரல் அகலம்கூட இருக்காது. பலகையை டேபிளில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெரும்பாலான ஜிக்சா பிளேடுகள் மேல்நோக்கி வெட்டும், அதனால் சிலும்பு மேல்பக்கம்தான் பெயரும். கோட்டைப் பின்பக்கத்தில் போடுங்கள், மைக்கா ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை உப்புக்காகிதத்தில் தேய்த்துக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் பிளேடு உள்ளே வளைந்து, விளிம்பு சாய்வாக வரும்.

வட்டம் போட ஆணியும் நூலும் போதும். ஓவலுக்கு ஒரு ஆணி கூடுதல். 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகல டீப்பாய் என்றால், நீளக்கோட்டில் நடுவிலிருந்து இருபக்கமும் 40 செ.மீ. தள்ளி ஆணி அடியுங்கள். 180 செ.மீ. சுற்றளவுள்ள நூல் வளையத்தை இரண்டிலும் மாட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தால் ஓவல் ரெடி. வேறு அளவா? பாதி நீளத்தை ஸ்கேலில் எடுத்து, குறுக்குக்கோட்டின் ஒரு முனையில் வையுங்கள். அது நீளக்கோட்டைத் தொடும் இரண்டு இடங்கள்தான் ஆணி அடிக்கும் இடம். பள்ளிக்கூடத்தில் நீள்வட்டம் என்று படித்த அதே கணக்கு.

பிளைவுட்டா, பலகையா?

இதெல்லாம் பிளைவுட்டுக்குப் பொருந்தும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கும். முழு மரப் பலகை அப்படியில்லை. ரேகையின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. சரியாகக் காயாத பலகையில் அறுத்த வட்டம் சில மாதத்தில் லேசாக ஓவலாகிவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்தை ஆசாரிகள் ஒரே பலகையில் வட்டமாக அறுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் வளைவாக அறுத்த வட்டைகள் என்று துண்டு துண்டாகக் கோப்பார்கள். கடைசியில் இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மொத்தத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.