தடைக்காலப் பணமும் டீசல் மானியமும்

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்பது, அரசு உத்தரவால் தொழில் நிற்கும் நாட்களுக்காகக் கடல் மீனவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் பணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் பருவம் அது. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017இல் 61 நாட்களாக நீண்டது.

வடசென்னையில் தடைக்காலம் கண்கூடாகத் தெரியும் இடம் ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, இற்றுப்போன பலகையை மாற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். படகுக்காரர்களுக்குச் செலவு குவியும் சமயம் இது. பங்குக்குக் கடலேறும் தொழிலாளியின் வீட்டிலோ அடுப்பெரிவதே கடனில்தான்.

ஒரு காலத்தில் 2,000 ரூபாயாக இருந்த நிவாரணம் படிப்படியாக ஏறியது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், அது 8,000 ரூபாயாக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. 61 நாட்களுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய்; காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் கால் கிலோ வாங்கவே யோசிக்க வேண்டிய தொகை.

ஆனாலும் இந்தத் திட்டத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் சேர நிலம் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு அதில் இடமில்லை. தடைக்கால நிவாரணமோ சொந்தப் படகு இல்லாத மீனவர் குடும்பத்துக்கும் அதே அளவில் கிடைக்கிறது.

டீசல் மானியத்தின் கணக்கு வேறு. மாநில விற்பனை வரி இல்லாமல் டீசல் வழங்கும் திட்டம் இது. மண்டபம் அறிவிப்பின்படி விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். லிட்டருக்கு 15 ரூபாய் மிச்சம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், முழு அளவையும் வாங்கும் விசைப்படகுக்கு 2,85,000 ரூபாய் வருகிறது. எண்ணூர், திருவொற்றியூர் குப்பங்களின் சிறு படகுக்கு 66,000. எரிபொருள் செலவை எடுத்த பிறகே பங்கு பிரிப்பதால் தொழிலாளிக்கும் இதில் கொஞ்சம் சேரும். பெரும்பகுதி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் விற்கும் பெண்களுக்குச் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இருக்கிறது: அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். ஐஸ் உடைப்பவர், பெட்டி சுமப்பவர், மீன் வண்டி ஓட்டுபவர் ஆகியோரின் வேலையும் அதே 61 நாட்கள் படுத்துவிடுகிறது. மீனவர் சங்க உறுப்பினராக இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை.

கடல் மானியம் இப்போது உலக வர்த்தக அமைப்பின் பேச்சிலும் அடிபடுகிறது. 2022 ஜூனில் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாடு, சட்டவிரோத மீன்பிடிப்புக்கும் அருகிப்போன மீன்வளத்தைப் பிடிப்பதற்கும் தரும் மானியத்தைத் தடுக்கிறது. அளவுக்கு மீறிய படகுகளை வளர்க்கும் மானியம் பற்றிய பேச்சு இன்னும் இழுபறியில் நிற்கிறது. டீசல் சலுகை மாட்டிக்கொள்ளக்கூடியது அதில்தான். வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்பது இந்தியா அங்கே வைத்த கோரிக்கை.