மூளையில் மிளகளவு வீக்கம்: இருக்கும் இடம்தான் முக்கியம்

தலைச்சுற்றல் என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார் ஒருவர். தலைச்சுற்றலுக்குக் காரணம் அகப்படவில்லை. மூளை ரத்தக் குழாயில் மிளகளவு வீக்கம் இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. 'அனியூரிஸம்' என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இந்த வீக்கம் உண்டு. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்தால்தான் உயிருக்கு ஆபத்து. வெடிக்குமா என்பது அளவை மட்டும் பொறுத்ததல்ல.

கழுத்தின் முன்புறம் இரண்டும், முதுகெலும்பை ஒட்டி இரண்டுமாக நான்கு குழாய்கள் மூளைக்கு ரத்தம் கொண்டு போகின்றன. மூளையின் அடியில் அவை வளையமாக இணைகின்றன. கிளை பிரியும் மூலைகளில் ரத்தம் ஓயாமல் மோதுவதால் அங்கேதான் சுவர் உப்புகிறது.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா டாக்டர்கள் சேர்ந்து 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படாதவர்களிடம், 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த வீக்கம் முன்பக்கக் குழாய்களில் இருந்தால், ஐந்தாண்டில் வெடிப்பு பூஜ்யம். பின்பக்கக் குழாய்களிலோ, அவற்றை முன்பக்கத்தோடு சேர்க்கும் பின் இணைப்புக் குழாயிலோ இருந்தால் நூற்றுக்கு 2.5. அளவு 7 முதல் 12 மில்லிமீட்டர் என்றால் முன்னே 2.6, பின்னே 14.5!

முன்பக்கம் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஜப்பானில் 5,720 பேரைக் கவனித்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், இடது வலது முன்குழாய்களைச் சேர்க்கும் முன் இணைப்புக் குழாயின் வீக்கம், நடுக் குழாயில் உள்ளதைப் போல் இரு மடங்கு வெடித்தது தெரிந்தது. பின் இணைப்புக் குழாயிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

மண்டையைத் திறந்து 'கிளிப்' போடலாம். தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கம்பிச் சுருளால் அடைக்கலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு. அதனால், வயதானவருக்கு முன்பக்கத்தில் சிறு வீக்கம் என்றால் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதே பெரும்பாலும் வழக்கம். இளவயது, ஆபத்தான இடம், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் வெடித்திருப்பது என்றால் ஆலோசனை மாறும். 'எத்தனை மில்லிமீட்டர்' என்று கேட்பவர், 'எந்தக் குழாய்' என்றும் டாக்டரிடம் கேட்பது நல்லது.

பீடி, சிகரெட்டும் ரத்தக் கொதிப்பும் எந்த இடத்து வீக்கத்துக்கும் பகை. திடீரென்று இதுவரை கண்டிராத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தாலும், ஒரு கண்ணின் இமை தொங்கிப் பாப்பா விரிந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.