நிறுத்தி வைக்கப்பட்ட போர்: கொரிய எல்லையில் ஒரு நாள்

தென்கொரியத் தலைநகர் சியோலில் காலையில் பேருந்து ஏறினால், ஒரு மணி நேரத்தில் ஆற்றங்கரை முள்வேலிகளும் காவல் கோபுரங்களும் தென்படத் தொடங்கும். இம்ஜின் ஆற்றுப் பாலத்தருகே பேருந்து நிற்கும். ராணுவ வீரர் ஏறி ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் சரிபார்ப்பார். அதன் பிறகே, பொதுமக்கள் நினைத்தபடி நுழைய முடியாத எல்லைப் பகுதிக்குள் பயணிகள் செல்ல முடியும்.

கோடு எப்படி வந்தது?

1950 ஜூனில் தொடங்கிய கொரியப் போர், 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான உடன்படிக்கையால் நின்றது. அது போர் நிறுத்தம் மட்டுமே. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை. எல்லைக்கோட்டிலிருந்து இரு தரப்பும் 2 கி.மீ. பின்வாங்கின. இடையில் உருவானதுதான் 4 கி.மீ. அகலமும் சுமார் 250 கி.மீ. நீளமும் கொண்ட ‘ராணுவமற்ற மண்டலம்’. அதற்குள் கண்ணிவெடிகள் புதைந்திருக்கின்றன. வெளியே இரு பக்கமும் படைகள் குவிந்திருக்கின்றன.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. சொந்த நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளுக்காக அமைக்கப்பட்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியத் தளபதி திம்மய்யா தலைமை வகித்தார். இந்திய வீரர்கள் அந்தக் கைதிகளுக்குக் காவல் நின்றார்கள்.

என்ன பார்க்கலாம்?

பெரும்பாலான பயணத் திட்டங்களில் இடம்பெறுவது, 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாவது ஊடுருவல் சுரங்கப்பாதை. தரைக்குக் கீழே 73 மீட்டர் ஆழத்தில், 1,635 மீட்டர் நீளத்துக்கு வடகொரியா தோண்டியது என்கிறது தென்கொரியா. நிலக்கரிச் சுரங்கம் என்று காட்டுவதற்காகக் கருங்கல் சுவரில் பூசப்பட்ட கரியை வழிகாட்டிகள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஹெல்மெட் அணிந்து, குனிந்தபடி நடக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது.

டோரா குன்றின் மேலுள்ள கண்காணிப்பகத்தில் வரிசையாகத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் வடகொரியாவின் வயல்களும், 160 மீட்டர் உயரக் கம்பத்தில் பறக்கும் அதன் கொடியும் தெரியும். அருகிலுள்ள டோராசான் ரயில் நிலையத்தில் வடகொரியத் தலைநகர் பியாங்யாங்குக்கு வழிகாட்டும் பலகை உண்டு. 2007 டிசம்பரில் இவ்வழியே எல்லை தாண்டி ஓடத் தொடங்கிய சரக்கு ரயில், ஓராண்டு முடியும் முன்பே நின்றுபோனது.

கெடுபிடி ஏன்?

இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்கும் இடம் பன்முன்ஜோம். அங்குள்ள நீல நிறக் கூடங்களின் குறுக்கே எல்லைக்கோடு செல்கிறது. கூடத்துக்குள் மேசையைச் சுற்றி நடந்தாலே வடகொரியப் பக்கம் போய்விடலாம். ஆபத்து நேரலாம் என்பதை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகுதான் பயணிகளை அனுமதித்தார்கள். எதிர்ப்பக்கம் நோக்கிக் கையசைக்கவும் தடை இருந்தது.

காரணம் இருக்கிறது. பார்வையை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டப்போய், 1976 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அதுவரை பொதுவாக இருந்த அந்த வளாகமும் அதன் பிறகு இரண்டாகப் பிரிந்தது. 2023 ஜூலையில், சுற்றுலாக் குழுவோடு வந்த அமெரிக்க வீரர் ஒருவர் திடீரென வடக்கே ஓடியதும், பன்முன்ஜோம் சுற்றுலா நிறுத்தப்பட்டது. ஆகவே, போக நினைப்பவர்கள் எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது அவசியம்.

யாருடைய ஊர்?

பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் இம்ஜின்காக். வடக்கில் குடும்பத்தை விட்டு வந்தவர்களுக்காக 1985இல் இங்கே ஒரு வழிபாட்டு மேடை எழுப்பப்பட்டது. கொரியப் புத்தாண்டிலும் அறுவடைத் திருநாளிலும், ஊருக்குப் போய்ப் படையலிட முடியாத முதியவர்கள் இங்கே வந்து, முன்னோரை நினைத்து வடக்கு நோக்கி வணங்குகிறார்கள். பிரிந்த உறவுகளைச் சந்திக்க வைக்கும் நிகழ்ச்சி கடைசியாக 2018 ஆகஸ்டில் நடந்தது. அதற்காகப் பதிவுசெய்து காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள்.

டோரா குன்றில் நாம் தொலைநோக்கி வழியே வேடிக்கை பார்க்கும் நிலம், இந்த மேடையில் வணங்கி எழும் முதியவருக்குப் பிறந்த மண். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் குன்றின் மேல் ஏற வேண்டும்.