மோட்டார் வண்டியில் எண்ணெய்க் கசிவும் அதனைத் தடுக்கும் முறையும்

கறம்பக்குடியில் ரயில் நிலையம் கிடையாது. நோயாளியைப் புதுக்கோட்டைக்கோ பட்டுக்கோட்டைக்கோ அவசரமாகக் கொண்டு செல்லவும், கலியாணத்திற்குப் பந்துக்களை அழைத்து வரவும் ஜனங்கள் மோட்டார் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். வாடகைக்கு ஓட்டும் வண்டி பெரும்பாலும் கடன்பேரில் வாங்கியதாகவே இருக்கும். வண்டி ஓடாத நாளில் வருமானம் இராது, தவணையோ நிற்காது. ஆகையால், வண்டி நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் கிடப்பதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது அங்கத்தினர்களுக்கு அடாது.

எஞ்சினின் அடியில் தொட்டிபோல் பொருத்தப்பட்டிருப்பதை ஆயில் சம்ப் என்பர். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் வண்டியின் பழைய பெட்ரோல் எஞ்சின் சுமார் 4 லிட்டர் எண்ணெய் கொள்ளும். உள்ளேயுள்ள பம்பு அவ்வெண்ணெயை உறிஞ்சிக் கிராங்குத் தண்டின் பேரிங்குகளுக்குச் செலுத்துகிறது. அது மீண்டும் தொட்டிக்கே வடிந்து வருகிறது. அளவு மிகவும் குறைந்தால் திருப்பத்திலும் மேட்டிலும் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். அப்பொழுது இரும்போடு இரும்பு உராய்ந்து, பேரிங்கு சூடேறித் தேய்ந்து, முடிவில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். சம்பின் விளிம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தக்கையாலோ ரப்பராலோ ஆன மெல்லிய கேஸ்கெட் ஒன்று வைக்கப்படுகிறது. பட்டறைக்காரர் இதனைப் பேக்கிங் என்பர். இதன் விலையோடு, இறுகிப்போன எஞ்சினைச் சீர்செய்யும் செலவை ஒப்பிடவே முடியாது.

எனினும், அடியில் எண்ணெய் கண்டமாத்திரத்தில் சம்ப் பேக்கிங்கின்மேல் பழியைப் போடுவது பெரும் பிழை. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும் வண்டியின் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். போதாக்குறைக்கு இப்பக்கத்துச் செம்மண் புழுதி அதன்மேல் அப்பி, எஞ்சினின் அடிப்பாகம் முழுவதையும் ஒரே சேறாக்கி விடுகிறது. இந்நிலையில் கசிவின் பிறப்பிடத்தை எவராலும் சொல்ல இயலாது. எஞ்சின் நன்கு ஆறியபின் மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் முழுவதும் துடைத்து, உலரவிட்டு, சந்தேகமான இடங்களில் முகத்திற்கிடும் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பவுடரில் எண்ணெயின் வழி தெளிவாகத் தெரியும். மேலேயுள்ள டேப்பட் மூடி, ஆயில் பில்ட்டர், எண்ணெய் அழுத்தம் காட்டும் சுவிட்சு, வடிகால் போல்ட்டின் வாஷர் ஆகியவற்றை முதலில் நோக்குக. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் சொட்டினால், அது பெரும்பாலும் கிராங்குத் தண்டின் பின்முனைக் கசிவாகும். மூன்று பேரிங்குள்ள பழைய அம்பாஸடர் எஞ்சினில் அவ்விடத்தில் ரப்பர் சீலே இல்லை. தண்டில் வெட்டிய மரை எண்ணெயை உள்ளே திருப்புகிறது. அங்கே சிறிது ஈரம் இருப்பது இயல்பு. அதற்காகச் சம்பைக் கழற்றுவது வீண் வேலை.

கசிவைக் கண்டதும் ஸ்பானரை எடுத்து போல்ட்டுகளை முழு பலத்தோடு முடுக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. இதனாற் கெட்ட சம்புகளே அதிகம். தகரத்தாலான விளிம்பு, போல்ட் ஓட்டையைச் சுற்றி மேலே குழிந்தெழ, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவிலுள்ள பாகம் இளகி நிற்கும். தக்கையும் நசுங்கிப் பிதுங்கும். முடுக்க முடுக்கக் கசிவு கூடுவதன் காரணம் இதுவே. இத்தகைய சம்பில் புதுப் பேக்கிங் போட்டாலும் பயன் இல்லை. விளிம்பைச் சமமான கட்டையின்மேல் வைத்து, குழிந்தெழுந்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டி மட்டமாக்கிய பின்னரே பொருத்த வேண்டும்.

வேலை தொடங்குமுன் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுந்தவர் உயிரிழந்ததுண்டு. உறுதியான தாங்கிகள் இன்றி அடியில் நுழையலாகாது. எண்ணெய் கைசுடாத அளவுக்கு ஆறியபின் அதனை வடித்துச் சம்பைக் கழற்றுக. சில வண்டிகளில் எஞ்சினைச் சிறிது உயர்த்தினாலன்றிச் சம்ப் வெளிவராது. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே லாபம். கழற்றிய சம்பின் அடியில் பளபளக்கும் உலோகப் பொடி கிடந்தால், பேரிங்கு தேய்கிறதென்று பொருள். பேக்கிங்கோடு வேலை முடியாது. பம்பின் வலையையும் கழுவிவிட வேண்டும். இரு பக்கத்திலும் ஒட்டிய பழைய பேக்கிங்கைத் துளியும் மீதியின்றிச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது அவசியம். கடையில் நெடுநாள் கிடந்த தக்கைப் பேக்கிங் காய்ந்து சுருங்கி, ஓட்டைகள் ஒத்து வராமலிருக்கும். அதனை எறிந்துவிட வேண்டாம். சற்று நேரம் நீரில் ஊறவைத்தால் மீண்டும் விரியும். புதிய வண்டிகள் பலவற்றில் பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கான் பசை இடப்படுகிறது. மெல்லிய கோடாக இட்டால் போதும். அதிகமாக இட்டால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து பம்பின் வலையை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக முடுக்குக. பசை காய்ந்தபின் எண்ணெய் விட்டு, அளவுக் கம்பியால் சரிபார்க்க வேண்டும்.

புதுப் பேக்கிங்கும் சில நாளில் கசிந்தால் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும். அது அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எந்தப் பேக்கிங்கையும் மீறி எண்ணெயை வெளியே தள்ளும். இதனைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை. ஆயினும் பட்டறைகளிற்கூட இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

டிராக்டர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. பல டிராக்டர்களில் சம்ப் கனத்த வார்ப்பிரும்பாலானது. அதுவே வண்டியின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. மோட்டார் காரைப்போல் எண்ணி அதன் போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டியே இரண்டாகப் பிரிந்து ஆளின்மேல் விழும். அவ்வேலை பட்டறையில்தான் நடக்க வேண்டும்.

வடித்த கறுப்பு எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. நீரும் நிலமும் கெடும், தோலிற் படுவதும் தீங்கு. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.